கோரஸ் பவானி

திருப்பாதிரிப்புலியூரில் பவானி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கோரஸ் பவானி என்றால் கல்யாண மண்டபத்து வாட்ச்மேன்கூட வழி சொல்லிவிடுவார். சார்லஸ் நடத்தும் மெல்லிசைக் குழுவில் பதினோரு வருடமாகப் பின்குரல் பாடுகிறவள் அவள். வரவேற்போ, காது குத்தோ, மாதா கோயில் தேர்த் திருவிழாவோ, மேடையின் இடது ஓரத்தில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு மைக் இருக்கும். தனியாக ஒரு பாட்டும் பாடியதில்லை. யாரும் பாடச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பகலில் சிப்காட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. வயது முப்பத்தொன்பது. ஒரே பெண் சிந்துஜா, பிளஸ் ஒன் படிக்கிறாள்.

புருஷன் திருநாவுக்கரசு அதே சிப்காட்டில் வேறொரு கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டராக இருந்தான். நாலு வருடத்துக்கு முன் ஒரு புதன்கிழமை காலை ஷிப்டுக்கு டிபன் பாக்ஸோடு பைக்கில் கிளம்பியவன் கம்பெனிக்குப் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. மூன்றாம் நாள் பைக் மட்டும் சிதம்பரம் ரயில்வே ஸ்டேஷன் வண்டி ஸ்டாண்டில் கிடைத்தது. டிபன் பாக்ஸ் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எலுமிச்சை சாதம் நுரை கட்டிப்போயிருந்தது. பவானி அதை அங்கேயே குழாயடியில் கொட்டிக் கழுவி எடுத்து வந்தாள்.

வீட்டில் சண்டை என்று ஒன்றும் நடந்திருக்கவில்லை. அவனுக்குக் குடி கிடையாது. சிதம்பரத்தில் போலீஸ்காரர்கள் ஆள் காணவில்லை என்று எழுதிக்கொண்டு போட்டோவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடலோரத்தில் ஒரு பிணம் ஒதுங்கியிருக்கிறது, வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் அவன் இல்லை. முதல் தடவை பவானி வாசலிலேயே வெகு நேரம் நின்றாள். இரண்டாம் தடவை நேராக உள்ளே போனாள். துணியை விலக்கச் சொல்லிப் பார்த்தாள், "இவர் இல்ல சார்" என்றாள், வெளியே வந்து டீ வாங்கிக் குடித்தாள். சர்க்கரை போடாத டீ என்பது முக்கால்வாசி குடித்த பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் அப்படியே ஆகிவிட்டாள். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையது போலவே இருக்காதே, உள்ளே எல்லாம் அந்த மாதிரி கிடந்தது. வேளைக்குச் சாப்பிட்டாள். நாலு பேர் சிரித்தால் கூடச் சிரித்தாள். பத்தாவதில் சிந்துஜா நல்ல மார்க் வாங்கிக்கொண்டு ஓடி வந்தபோது கட்டிப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் அதுதான் செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பொட்டையும் தாலியையும் எடுக்கவில்லை. எடுக்கணுமா வேண்டாமா என்று யாரிடமும் கேட்கவும் இல்லை. கச்சேரி உண்டென்று சார்லஸ் போன் பண்ணினால் மட்டும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

சார்லஸ் கடலூர் முதுநகர்க்காரர். பன்னிரண்டு வருடம் வெளிநாட்டு உல்லாசக் கப்பல் ஒன்றில் கீபோர்டு வாசித்துவிட்டு வந்தவர். அந்தக் கப்பலில் ஒரு சீசன் முழுக்க அமெரிக்காவிலிருந்து வந்த மூன்று கறுப்பினப் பெண்களுக்கு வாசித்தாராம். ஒருத்தி முன்னால் நின்று பாடுவாள், மற்ற இருவரும் பின்னாலிருந்து அவளுக்குப் பதில் சொல்வார்கள். பாடுவதெல்லாம் அந்த ஊர்ப் பழைய காதல் பாட்டுகள்தான். ஆனால் அவர்கள் வாயில் அது ஜெபம் மாதிரி ஆகிவிடும் என்பார்.

"சோல் மியூசிக்குன்னு பேரு. தொண்டையில பாட மாட்டாங்க. வவுத்துலேருந்து வரும். கேக்குறவன் தட்டைக் கீழ வச்சிட்டு உக்காந்துடுவான்" என்று குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் சொல்வார்.

போன வருடம் தை மாதம் அவர் வீட்டு மாடியில் மூன்று பெண்களை உட்கார வைத்தார். ரேகா குழுவின் முதல் பாடகி, பகலில் மஞ்சக்குப்பத்தில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். எழிலரசி பள்ளிக்கூட டீச்சர், சன்னமான குரல். மூன்றாவது ஆள் பவானி. எடுத்துக்கொண்டது கறுப்பு வெள்ளைக் காலத்து டூயட் ஒன்று. ஆற்றங்கரையில் கிளம்பி நிற்கிற காதலனை இன்னும் சற்று நேரம் இருக்கச் சொல்லி அவள் பாடுவாள், அவன் சமாதானம் சொல்லிப் பாடுவான். எந்த வரவேற்பிலும் பெரியவர்கள் துண்டுச் சீட்டு எழுதி அனுப்பிக் கேட்கிற பாட்டு.

"இதுல ஆம்பளையைத் தூக்கிட்டேன். அவன் பதிலே சொல்லப் போறதில்ல. ரேகா கேட்டுக்கினே இருப்பா. நீங்க ரெண்டு பேரும் அவளுக்குத் துணை" என்றார் சார்லஸ்.

பவானி பக்கம் திரும்பினார். "உனக்கு ஒரே வார்த்தைதான்மா. 'இரு'. அவ வரி முடிக்குற எடத்துல எல்லாம் நீ கீழ் சுதியில இரு, இருன்னு இழுக்கணும். எழில் உனக்கு மேல ம்ம்முன்னு வரும். தாளத்தோட சேந்து வராத, ஒரு மூச்சு பின்னாடி வா. அவசரமே ஆகாது."

அவசரப்படாமல் இருப்பது பவானிக்கு வெகு சுலபமாக இருந்தது. எழிலரசிதான் திணறினாள். தாளத்தின் இரண்டாவது அடியிலும் நாலாவது அடியிலும் கைதட்டச் சொன்னால், பஜனை மாதிரி முதல் அடியிலேயே தட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். பாட்டு பாதி வேகத்தில் போனது. மூன்று வாரம் அதையே பாடினார்கள். சார்லஸ் ஒருநாள் எழுந்துபோய் ஜன்னல் ஓரமாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போதும், சரியாயிடுச்சு" என்றார்.

முதல் தடவை சிதம்பரம் மேல வீதியில் ஒரு வரவேற்பில் பாடினார்கள். பந்திக்குப் போனவர்கள் இலையை விட்டு எழுந்து வந்தார்கள் என்று சொன்னால் அது பொய். ஆனால் நாற்காலி இழுக்கிற சத்தம் நின்றது. மாப்பிள்ளையின் சிநேகிதர் யாரோ போனில் எடுத்துப் போட்டுவிட்டார். பத்து நாளில் அது ஊர் ஊராகப் போனது. தனியார் பஸ்ஸில் ஓடியது. சிப்காட்டில் பவானியின் சூப்பர்வைசர் அதை ரிங்டோனாக வைத்திருந்தார். பெட்டிக்குள் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது தன் குரல் தனக்குப் பின்னால் யாருடைய சட்டைப் பையிலோ கேட்கும். பவானி அட்டைகளை எண்ணுவதை நிறுத்தமாட்டாள்.

சிந்துஜா ராத்திரிச் சாப்பாட்டின்போது வீடியோவுக்குக் கீழே எழுதியிருப்பதையெல்லாம் படித்துக் காட்டினாள். "எல்லாரும் உன் கண்ணைப் பத்திதாம்மா எழுதுறாங்க. லெஃப்ட்ல நிக்குற அக்கா கண்ணைப் பாத்தா அழுகை வருதாம்."

"என் கண்ணுக்கு என்னா?"

"நீயே பாரு."

பவானி பார்த்தாள். பச்சைப் புடவையில் ஒரு பொம்பளை தூரத்தில் எதையோ பார்த்தபடி இரு, இரு என்று பாடிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் என்ன நினைத்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். வீட்டில் தண்ணீர் கேன் தீர்ந்துபோனது, காலையில் சொல்ல வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் வந்தது. அதை மகளிடம் சொல்லவில்லை.

சிதம்பரத்துக் கச்சேரி ஒன்றுக்கு யூடியூப் சேனலிலிருந்து ஒரு பெண் மைக்கோடு வந்தாள். ரேகாவிடம் நிறையப் பேசிவிட்டுக் கடைசியில் பவானியிடம் வந்தாள். "உங்க ஹஸ்பண்ட் காணாமப் போயிட்டாருன்னு கேள்விப்பட்டோம்க்கா. நீங்க பாடுற ஒரே வார்த்தை 'இரு'. அவரை நெனச்சுதான் பாடுறீங்களா?"

"அது சார்லஸ் அண்ணன் குடுத்த வார்த்தைங்க" என்றாள் பவானி.

அந்தப் பெண்ணுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. பவானிக்கு அதுவரை இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது சேர்த்து வைத்துப் பார்த்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள்.

அந்தச் சேனலால் ஒரு கெடுதல் வந்தது. புவனகிரியில் ஒரு கல்யாண வரவேற்பில், பாட்டு ஆரம்பிக்கும் முன் பெண்ணின் அத்தை மேடைக்குப் பக்கத்தில் வந்து சார்லஸைக் கூப்பிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. அந்தம்மா வூட்டுக்காரரு இருக்காரா இல்லையான்னே தெரியலியாமே. பொண்ணு மாப்பிள்ளை எதிர்ல நிக்க வேணாம். நாளைக்கு ஒண்ணுன்னா சொல்லிக் காட்டுவாங்க."

ரேகாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்படின்னா நாங்க யாருமே பாடல. வண்டியை எடுக்கச் சொல்லுங்கண்ணே" என்றாள்.

பவானி அதற்குள் மைக்கைத் தூக்கிக்கொண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள். "இங்கேருந்தும் கேக்கும் ரேகா. நீ ஆரம்பி" என்றாள். பெட்டியின் பின்பலகையைப் பார்த்தபடி பாடினாள். ஒரு சுதி பிசகவில்லை. திரும்பி வரும்போது வேனில் எழிலரசி அழுதாள். பவானி அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத நம்பர். தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"பவானியா?"

"ஆமா."

"நான்தான்."

கஞ்சி முழுக்க வடிகிறவரை பானையைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். பிறகு நிமிர்த்தி வைத்தாள். "எங்க இருக்கீங்க?"

"திருப்பூர்ல. டையிங் கம்பெனி. இங்கயும் பாய்லர்தான் பாக்குறேன்." பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "கூட வேலை பாக்குறவரு போன்ல பாட்டு ஓடிச்சு. எட்டிப் பாத்தேன். நீ நிக்குற."

"ம்."

"நல்லா இருந்துச்சு."

"சார்லஸ் அண்ணன் போட்டது."

"பாப்பா?"

"பிளஸ் ஒன். பயாலஜி குரூப்."

பவானி கையில் ஒட்டிய பானைக் கரியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "போலீஸ் ஸ்டேஷன்ல கேஸை இன்னும் முடிக்காம வச்சிருக்காங்க. நீங்க நேர்ல வந்து கையெழுத்து போட்டாத்தான் முடியும். சனிக்கிழமை எனக்கு லீவு. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பத்து மணிக்கு வாங்க."

சிந்துஜா டியூஷன் முடிந்து வந்ததும், தட்டு வைக்கும்போது விஷயத்தைச் சொன்னாள். பெண் நின்ற இடத்திலேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். பிறகு கத்தினாள்.

"நாலு வருஷமா பொதைச்சிட்ட மாதிரி அழுதிருக்கேன் நானு. நீ என்னாம்மா, போன கரண்ட் வந்துடுச்சுன்ற மாதிரி சொல்ற?"

"எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டாள் பவானி. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சிந்துஜா தட்டைத் தள்ளிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை அவன் ஒன்பது மணிக்கே வந்து நின்றிருந்தான். முடி பாதி நரைத்திருந்தது. விரல்களின் நகக்கண்ணில் சாயம் ஏறி நீலமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தார்கள். இரண்டு பொங்கல் சொன்னாள்.

நாலு வருடத்தில் அவள் காரணங்களை யோசித்து வைத்திருந்தாள். வேறு பொம்பளை என்றால் இன்னது கேட்க வேண்டும், கம்பெனியில் ஏதாவது தப்பு செய்துவிட்டு ஓடியிருந்தால் இன்னது கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் பேச்சு தயாராக இருந்தது.

"வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று ஆரம்பித்தாள்.

"சாமி சத்தியமா இல்ல."

"அப்புறம் ஏன் போனீங்க?"

அவன் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "கம்பெனி கேட் வந்துச்சு பவானி. தெனம் திரும்புற எடம்தான். அன்னிக்குத் திரும்பல. நேரா போயிட்டே இருந்தேன். சிதம்பரம் வந்துடுச்சு. ஸ்டேஷன்ல ஒரு ட்ரெயின் நின்னுச்சு, ஏறிட்டேன். மறுநாளே வந்துடலாம்னுதான் பாத்தேன். ஒரு நாள் ஆயிடுச்சு, எப்படி மூஞ்சியைக் காட்டறதுன்னு இருந்துட்டேன். அப்புறம் ஒரு வாரம். அப்புறம் ஒரு மாசம். நாள் ஜாஸ்தியாக ஆக பயமும் ஜாஸ்தியாயிடுச்சு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

இதற்கு அவளிடம் பேச்சு தயாராக இல்லை. அவன் அழ ஆரம்பித்தான். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பவானி அவன் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைக் காலர் நைந்திருந்தது, இரண்டாவது பொத்தான் வேறு நிறம். "சாப்பிடுங்க, ஆறிடும்" என்றாள்.

"நான் வீட்டுக்கு வரட்டா?"

பவானி பதில் சொல்ல முயன்றாள். வா என்று சொல்லத் தோன்றுகிறதா, வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறதா என்று தேடிப் பார்த்தாள். "தெரியலீங்க" என்றாள்.

"என்னைத் திட்டவாச்சும் திட்டேன்."

"திட்டணும்னு தோணலியே."

அதைக் கேட்டதும் அவன் அழுகையை நிறுத்திவிட்டான். வேகமாகச் சாப்பிட்டான்.

ஸ்டேஷனில் ஏட்டு பழைய ஃபைலைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு பொணத்தை வந்து பாத்துச்சுய்யா இந்தம்மா" என்றார்.

திருநாவுக்கரசு மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "ரெண்டா?"

"ஆமா. ஒண்ணுக்கு உங்க மாதிரியே கட்டை விரல் வளைஞ்சிருந்துச்சு" என்றாள் பவானி.

அவன் மூன்று இடத்தில் கையெழுத்து போட்டான். அவள் இரண்டு இடத்தில் போட்டாள். ஒன்றரை மணிக்கு வெளியே வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில், திருப்பூருக்கு மாறிப் போக சேலம் பஸ் நின்றது. அவன் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தான். பஸ் கிளம்பும்வரை கீழே நின்றாள், கிளம்பியதும் கீரப்பாளையம் பஸ்ஸைத் தேடிப் போனாள். அன்று சாயங்காலம் அங்கே ஒரு வரவேற்பு இருந்தது.

மைக் சரிபார்க்கிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தாள். ரேகா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னாக்கா ஆச்சு?"

"வந்தாரு. கையெழுத்து போட்டாரு. போயிட்டாரு."

"நீ என்னா சொன்ன?"

"சாப்பிடச் சொன்னேன்."

ரேகா அவளையே பார்த்தாள். அன்று மூன்று தடவை அந்தப் பாட்டைக் கேட்டார்கள். மூன்றாம் தடவை முன்வரிசையில் பெண்ணின் தாய்மாமன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பவானி ஒரு மூச்சு பின்னால் வந்து, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, விட வேண்டிய இடத்தில் விட்டாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போன் பண்ணினான். பவானி எடுத்தாள். என்ன சமையல், மழை உண்டா என்ற அளவில் பேச்சு. சிந்துஜா பக்கத்தில் வரமாட்டாள். அரையாண்டுப் பரீட்சை முடிந்த அன்று மட்டும் போனை வாங்கி, "நல்லா எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்கு வரட்டுமா என்று அவன் மறுபடி கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மார்கழியில் ரேகா டிவி போட்டி ஒன்றில் தேர்வாகிச் சென்னைக்குப் போனாள். சார்லஸ் பவானியை நடுவில் நிற்கச் சொன்னார். "பதினோரு வருஷம் ஆச்சும்மா. ஊரே உன் கண்ணைப் பத்திப் பேசுது. பாடிப் பாரு."

பாடினாள். எல்லா வரியும் மனப்பாடம். சுதி சுத்தம். முடித்ததும் மாடியில் எல்லாரும் சார்லஸைப் பார்த்தார்கள். சார்லஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு தப்பும் இல்ல பவானி…" என்று இழுத்தார்.

"பழைய எடத்துலயே நிக்கிறேண்ணே" என்றாள் அவள். அவருக்கு நிம்மதியாகப் போனது.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஷஹனாஸ் என்று ஒருத்தி வந்தாள். எம்.எஸ்சி. முடித்தவள், நல்ல கனமான குரல். ஆனால் அவளுக்கு மேடை பயம். பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு இறங்கினால் போதும் என்பது போல ஓடுவாள். பவானியின் வார்த்தை வருவதற்குள் அடுத்த வரிக்குப் போய்விடுவாள். முதல் நாள் அப்படித்தான், இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நாலாவது தடவையாக அவள் அந்த இடத்தைத் தாண்டி ஓடியபோது பவானி மைக்கை ஸ்டாண்டிலிருந்து பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"நிறுத்து!"

மாடியே நின்றது. எழிலரசி தட்டப் போன கை அந்தரத்தில் இருந்தது.

"எங்க ஓடுற நீ? எவன் தொரத்துறான் உன்னை? ஒரு ஆளு இங்க நின்னுக்கினு பாடுறேன், தெரியலியா உனக்கு? என் வார்த்தை வர்ற வரைக்கும் நிக்க மாட்டியா?"

முகம் காந்தியது. இவ்வளவு சத்தமாகத் தன்னால் பேச முடியும் என்பதே பவானிக்கு மறந்துபோயிருந்தது. ஷஹனாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "சாரிக்கா" என்றாள்.

"சாரி வேணாம். முதல்லேருந்து பாடு."

மறுபடியும் பாடினார்கள். ஷஹனாஸ் இந்தத் தடவை நின்றாள். ஆனாலும் பவானிக்குக் கோபம் தணியவில்லை. முதுநகரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் தணியவில்லை. தணிந்துவிடுமோ என்று பார்த்தாள். தணியவில்லை. பொங்கல் துணி வாங்கிய கூட்டம் பையும் பொட்டலமுமாக இடித்துக்கொண்டு ஏறியது. அவர்கள் மேலும் கோபம் வந்தது.

வீட்டுக் கதவைச் சிந்துஜா திறந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே பவானி ஆரம்பித்துவிட்டாள்.

"புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா. படிச்ச பொண்ணுதான், குரலும் நல்லாத்தான் இருக்கு. சொன்னா கேட்டாத்தானே? ஒரு எடத்துல நிக்கத் தெரியல அதுக்கு."

சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போனது. சிந்துஜா பயாலஜிப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அப்புறம் நீ என்னா சொன்ன?" என்று கேட்டாள்.